ஈரம் ஆகாத அறை

ஞாயிறு மாலை முதல் கணப்புக்கு முன்னால் வைத்திருந்தும் அந்தக் கற்பாசி உலரவில்லை. ஆம்புரோஸ் தெல்வால் பாதிரியார் அதை அழுத்தி வைத்திருந்த பலகைகளைப் பிரித்து, ஒற்றுத்தாளை விரலால் தொட்டுப் பார்த்தார். நனைந்திருந்தது. காலையில்தான் மாற்றிய தாள். நிலக்கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. சன்னலுக்கு அப்பால் வெஸ்ட்மோர்லாந்தின் நவம்பர் மூடுபனி கல்லறைத் தோட்டத்தை மதிற்சுவரோடு விழுங்கியிருந்தது. இத்தனை வெப்பத்திலும், உள்ளங்கை அகலமுள்ள அந்தச் சாம்பல் வட்டம் இப்போதுதான் மழையிலிருந்து எடுத்து வந்ததுபோல் மெத்தென்று, குளிர்ந்து, விளிம்பு உப்பிக் கிடந்தது.

நண்பகலுக்குள் அது உலர்ந்தாக வேண்டும். டைசனின் வண்டி அப்போதுதான் கெண்டலுக்குப் புறப்பட்டு லண்டன் ரயிலைப் பிடிக்கும். ஈரத்தோடு அனுப்பினால் வழியிலேயே அழுகிவிடும். அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் லண்டன் தாவரவியல் சங்கத்தின் குளிர்காலக் கூட்டம் முடிந்துவிடும். அதற்குள் இதே துறையில் இருக்கும் டாக்டர் பிரைட்வெல் ஏதாவதொரு மலைச்சரிவில் இதையே கண்டெடுத்து, தம் நண்பர்களுள் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டிவிடுவார்.

தெல்வால் வாழ்நாளெல்லாம், தாம் கண்டெடுத்த புதிய கற்பாசி வகைகளுக்குப் பிறர் பெயர்களையே சூட்டி வந்தவர். பிரைட்வெல்லுக்கு ஒன்று, பிரைட்வெல்லின் ஆசிரியருக்கு ஒன்று, ஒருமுறைகூட நன்றி சொல்லாத ஆயருக்கு ஒன்று. கண்டுபிடித்தவர் தம் பெயரைத் தாமே வைத்துக்கொள்வது அந்தத் துறையில் வெட்கக்கேடு; இன்னொருவர் மனமுவந்து வைக்க வேண்டும். எவருக்கும் மனம் வரவில்லை. இறுதியில் அதற்கும் அவர் வழி கண்டிருந்தார். மறைந்த மனைவியின் நினைவாக என்றால் எவர் மறுப்பார்? லெட்டிஸ் தெல்வாலும் தெல்வால்தான். சங்கத்தார் கைக்குட்டையை எடுப்பார்கள், பெயர் நிலைத்துவிடும்.

அந்தக் கற்பாசி கிடைத்ததும் அவளுடைய கல்லறைக் கல்லிலிருந்துதான்.

"எங்க ஊரு ஆம்பளைங்க பொண்டாட்டி கல்லு முன்னாடி முட்டி போட்டா அழுவாங்க, ஐயா," என்றான் குழிவெட்டி டைசன், அதைக் கொத்தப்போன அன்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று. "நீங்கதான் உளியோட முட்டி போடுறீங்க."

"இது அறிவியல், டைசன்."

"இருக்கட்டுங்க. அம்மாவுக்கு வலிக்காம கொத்துங்க."

துளிகூட மிச்சம் வைக்காமல் கொத்தினார். பிரைட்வெல் வந்து தேடினாலும் வெறுங்கல்தான் கிடைக்க வேண்டும். அந்தக் கல்லை நட்டு மூன்று குளிர்காலங்களே ஆகியிருந்தன. இந்த வகைக் கற்பாசி அந்த அகலத்துக்கு வளர ஒரு மனிதனின் ஆயுள் வேண்டும். இது அவருக்குத் தெரியாததன்று. தெரிந்ததை ஒதுக்கி வைப்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

கதவு தட்டப்பட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பிர்கெட்டம்மாள் நிலக்கரி வாளியோடு உள்ளே வந்தாள். வந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்கய்யா, இந்த அறையிலேயும் அந்த வாடை?"

"எந்த வாடை?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. வடக்கு அறை வாடை." வாளியை நங்கென்று வைத்தாள். "அம்மா படுத்திருந்தப்போ இதுல பாதிக் கரி அங்கே எரிஞ்சிருந்தா..."

"கரியை வைத்துவிட்டுப் போ."

"போறேன். சொன்னா மட்டும் என்ன ஆகப்போகுது?"

அவள் போன பிறகு அவருக்கும் அந்த வாடை எட்டியது. ஊறிய சுண்ணாம்பு, நனைந்த கம்பளி, இருமல் மருந்து. வடக்கு அறைச் சுவரில் நீர் வழிந்த அந்தக் குளிர்காலத்தில், இந்த வாசற்படியில் ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றுதான் லெட்டிஸ் கேட்டாள்: "என்னங்க, இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் இங்கே படுத்துக்கட்டுமா?" அவர் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு விடுகிறவர் படுத்தால் காற்றில் ஈரம் ஏறும். இழுப்பறைகளில் இருந்த நாலாயிரம் கற்பாசிப் பொட்டலங்களும் பூஞ்சணம் பிடிக்கும். "கற்பாசிக்கு ஈரம் ஆகாது, லெட்டிஸ்." அவள் மறுமுறை கேட்கவில்லை.

கரியை அள்ளிப் போட்டார். சுடர் எழுந்தது. வெப்பம் எழவில்லை.

அப்போதுதான் அந்த ஒலி கேட்டது. சுவர் முழுவதும் நிறைந்திருந்த இழுப்பறைகளுக்குள் தாள்கள் மெல்ல முறுகும் ஒலி. தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுக்கும்போது போர்வை எழுப்பும் ஒலியைப் போல முதலில் ஒரு மூலையிலிருந்து, பின்பு அதன் பக்கத்திலிருந்து, பின்பு எல்லாப் பக்கங்களிலிருந்தும். எலி என்று எண்ணிக்கொண்டு ஓர் இழுப்பறையை இழுத்தார். ஈரத்தில் இறுகியிருந்தது. பலங்கொண்டு இழுத்தார். வந்தது.

பொட்டலங்கள் உப்பியிருந்தன. இளமையில் ஸ்காட்லாந்தில் எடுத்தவை, தொட்டால் தூளாகும் சருகுகள், தாளைக் கிழித்துக்கொண்டு பச்சையும் சாம்பலுமாகத் தளதளத்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அசைவு கண்ணுக்குத் தெரிந்தது.

இருமல் வந்தது. ஆழத்திலிருந்து வந்த ஈரமான இருமல். அது தம்முடையதுதான் என்று தெளிய அவருக்குச் சற்று நேரம் ஆனது.

பின்வாங்கி நாற்காலியில் அமர்ந்தார். கால் கனத்தது. பெயர். பெயரையாவது எழுதிவிடலாம். உலராவிட்டாலும் போகட்டும், பெயர்ச்சீட்டோடு அனுப்பினால் போதும். முழங்காலில் அட்டையை வைத்து எழுதினார். தெல்வால் என்பது நன்றாகவே விழுந்தது. மை காய்வதற்காகக் கையைத் தூக்கினார்.

மணிக்கட்டில் ஒரு வட்டம். சாம்பல் நிறம். விளிம்பு உப்பியிருந்தது.

நகத்தால் சுரண்டினார். வலி இல்லை. உளியை எடுத்தார். வலி இல்லை. கற்பாசிகளை அடையாளம் காண உதவும் சாம்பல்காரக் கரைசலைக் கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி இட்டார், பழக்கம். துளி மஞ்சளாகி, இரத்தச் சிவப்பாகி நின்றது. கல்லறைக் கல்லிலிருந்து எடுத்ததும் இப்படித்தான் சிவந்தது.

பக்கத்தில் இன்னொரு வட்டம். சட்டைக் கைக்குள் ஒன்று. கழுத்துப்பட்டைக்குக் கீழே குளிர்ச்சி. உதட்டோரம். மூச்சு விட்டார், விட்ட மூச்சின் ஈரம் பட்ட இடமெல்லாம் உப்பியது. மூச்சை அடக்கினார். முடியவில்லை.

உளி கீழே விழுந்தது. குனிய முடியவில்லை.

"ஐயா! டைசன் வண்டியோட நிக்கிறான். பொட்டலம் எங்கே?"

இதோ என்று சொல்லப் பார்த்தார். நாக்கு அசையவில்லை.

பிர்கெட்டம்மாள் கதவைத் திறந்தாள். "மனுஷன் எங்கே போய்த் தொலைஞ்சாரு? நெருப்பை இப்படி எரிய விட்டுட்டு."

டைசன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "நாற்காலியில என்னம்மா அது?"

"வேற என்னத்தைக் கொண்டாருவாரு? கல்லுதான். இந்த வயசுல இம்மாம் பெரிய கல்லை எப்படித்தான் தூக்கினாரோ. பாரு, மெத்தையெல்லாம் ஈரம்."

"பொட்டலம்?"

"ஒண்ணையும் காணோம். நீ கெளம்பு, ரயில் இவருக்காக நிக்காது."

அவள் அருகில் வந்தாள். நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். மேசையையும் கணப்பையும் பார்த்த அதே பார்வை. முகம் கழுவும் குவளையை எடுத்துக் கரியின் மேல் கவிழ்த்தாள். சீறி அடங்கியது. "ஆளில்லாத அறைக்கு எதுக்கு நெருப்பு?" வாடை போகட்டும் என்று சன்னலை அகலத் திறந்துவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. வண்டிச் சக்கரம் சரளையில் உருண்டு, பாலத்தில் உருண்டு, ஓய்ந்தது.

மூடுபனி சன்னற்கட்டை ஏறி உள்ளே வந்தது. முழங்காலின்மேல் அட்டை அப்படியே இருந்தது. மணிக்கட்டிலிருந்து இறங்கிய சாம்பல் விளிம்பு அவர் பெயரின் முதல் எழுத்தை மூடியது, பின்பு அடுத்ததை. மூடாத ஒரு கண்ணால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பனி அவர் முகத்தைத் தொட்டது. உடனே, நெற்றியிலும் கன்னத்திலும் இமையிலும், அவர்மேல் இருந்தவை அனைத்தும் மெத்தென்று, மகிழ்ச்சியோடு, விரிந்தன.