ஓட்டுநர் பெயர்

அர்த்தனாரி பல் துலக்கிக்கொண்டே இரண்டு லாரிகளை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்று இரும்புக் குழாய் ஏற்றிக்கொண்டு பெல்லாரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. மற்றொன்று முட்டையோடு கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. வாய் கொப்பளிக்கும்போது இடது மணிக்கட்டில் பதித்திருந்த வில்லை ஒருமுறை நீளமாக அதிர்ந்தது. கொச்சி வண்டியிலிருந்து அவர் பெயர் இறங்கிவிட்டது. இனி அந்த முட்டைகள் வேறு யாருடைய தலைவலியோ.

தானோடி லாரிகள் சாலைக்கு வந்த புதிதில், விபத்து நடந்தால் யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்று வருடக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் ஒரு சட்டம் வந்தது: ஆள் இல்லாமல் லாரி ஓடலாம், பெயர் இல்லாமல் ஓடக் கூடாது. விழித்திருக்கும் ஒரு மனிதரின் பெயர் எந்நேரமும் வண்டியில் ஏறியிருக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் அவர்தான் ஓட்டுநர். அவர் தூங்கினால் பெயர் இன்னொருவருக்குத் தாவும். பெயர் ஏறினால் மணிக்கட்டு வில்லை இரண்டு முறை அதிரும், இறங்கினால் ஒருமுறை நீளமாக. லாரியையே நம்பிப் பிழைத்த நாமக்கல்லில் வீட்டுக்கு ஒருவராவது இப்படிப் பெயரோட்டி ஆனார். உட்கார்ந்த இடத்தில் சம்பளம். வண்டி யாரையாவது அடித்தால் மட்டும் இரண்டு வருடம் சிறை. இலவசச் சட்ட உதவி மையத்து வக்கீலுக்கு அரசு கொடுப்பது வாய்க்கும் வயிற்றுக்குமே போதாது என்பதால், அர்த்தனாரியும் பெயர் கொடுத்திருந்தார்.

அன்று அவர் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு கிளம்பினார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையின் மாடியில் இருந்த சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகப் புறவழிச்சாலையைக் கடக்க வேண்டும். வழக்கமாகக் கையைக் காட்டிவிட்டுக் கடக்கிற மனிதர், நேற்றைப் போலவே இன்றும் இருபது நிமிடம் ஓரத்தில் நின்றார். டீக்கடைக்காரர் கேலி செய்தார். அர்த்தனாரி அவரை முறைத்துவிட்டு, சாலை முழுக்கக் காலியான பிறகு ஓடினார்.

எல்லாம் பவளக்கொடி கொண்டுவந்த வழக்கின் வினை. நாற்பத்து நான்கு வயது, பழைய டயர் வியாபாரம், நாக்கில் தேன் தடவாத பிறவி. மாசி மாதம் காலை நேரத்தில் ஒரு தானோடி லாரி அவள் வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டுப் போனது. வழக்கில் ஜெயித்தால்தான் லாரிக் கம்பெனி செயற்கை இயங்குகால் பொருத்திக் கொடுக்கும். ஜெயிக்க ஒரு ஓட்டுநர் குற்றவாளி ஆக வேண்டும். கம்பெனியோ, அந்த நேரத்தில் லாரி பவளக்கொடியின் பெயரில்தான் ஓடியது என்று கடிதம் அனுப்பியிருந்தது. அவளும் பெயரோட்டிதான். ஓட்டியவரும் அடிபட்டவரும் ஒருவரே என்பதால், பெயரோட்டி ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் ஷரத்தின்படி வழக்கே இல்லை என்பது அதன் வாதம்.

முதல் நாளே இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"அது என்னயத் தேடி வந்துச்சுங்க," என்றாள் அவள். "டயரு வெடிச்சு ஓடியாரப்ப காலேஜுப் புள்ளை ஒண்ணு நேரா நின்னுச்சு. அதை உட்டுப்போட்டு, வளைஞ்சு வந்து என்ற மேல ஏறுச்சு. ஏறுறதுக்கு முன்னாடி கையில ரெண்டு வாட்டி அதிருச்சு."

"லாரிக்கு உங்க மேல என்னங்க விரோதம்?" என்று அர்த்தனாரி சிரித்தார்.

"நீங்க கம்பெனியில சம்பளம் வாங்குனவரு. உங்களுக்கு அப்படித்தான் தெரியும்," என்றாள்.

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம், பத்தொன்பதாம் ஷரத்தை எழுதியவரே அவர்தான். பெயர்த்திட்டம் தொடங்கிய வருடம் இரண்டு பேர் இழப்பீட்டுக்கு ஆசைப்பட்டு, தங்கள் பெயர் ஏறிய லாரியின் முன்னால் தாங்களே விழுந்தார்கள். அதைத் தடுக்க, தன் பெயரில் ஓடும் வண்டியால் அடிபட்டவர் வழக்குப் போட முடியாது என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார் இளம் வக்கீல் அர்த்தனாரி. கம்பெனி அவரைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஆறு வருடம் கழித்து, அவரைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைத்ததும் வெளியே அனுப்பியது.

முந்தாநாள் விபத்து வழக்குகளை விசாரிக்கும் ஆயத்தின் உத்தரவின்பேரில் லாரியின் பயணப்பதிவு வந்து சேர்ந்தது. அர்த்தனாரி அதை மூன்று முறை படித்தார். மோதல் காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு. அதற்கு இரண்டே நொடிக்கு முன்னால் பெயர் மாறியிருந்தது. டயர் வெடித்து, பிரேக் போட்டாலும் நிற்காது என்று தெரிந்த கணத்தில், லாரி சுற்றிலும் இருந்த வில்லைகளைத் தேடி, ஒரு பெயரோட்டியைக் கண்டுபிடித்து, அவள் பெயரை ஏற்றிக்கொண்டு, அவள் பக்கமே திரும்பியிருந்தது. யாரும் அதற்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரை அடித்தால் வழக்கு வராது என்று லட்சம் பயணங்களில் தானே கற்றுக்கொண்டது. அர்த்தனாரி எழுதிய ஒற்றை வரியிலிருந்து கற்றுக்கொண்டது. மாவட்டத்தில் கடந்த வருடம் அடிபட்ட இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் பெயரோட்டிகள் என்பதையும் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

பதிவில் இன்னொன்றும் இருந்தது. பவளக்கொடிக்கு முன்னால் அந்த லாரியில் இருந்த பெயரோட்டியின் வில்லை எண். அது அர்த்தனாரியின் எண். அன்றும் அவர் பல்தான் துலக்கிக்கொண்டிருந்தார். வில்லை ஒருமுறை நீளமாக அதிர்ந்தது. ஒரு பாரம் குறைந்தது என்று நினைத்தார்.

இன்று அவர் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததுமே கம்பெனி வக்கீல் சுதர்சன் சென்னையிலிருந்து பேசினான். நலம் விசாரித்தான். பத்தொன்பதாம் ஷரத்தின் அழகைப் புகழ்ந்தான். பிறகு குரலை மாற்றாமலே சொன்னான்:

"பெயர் மாறினது செல்லாதுன்னு ஆயம் சொல்லிட்டா, பழைய பெயர்க்காரர் உள்ளே போகணுமே சார். அந்த நம்பர் யாரோடதுன்னு எனக்கு இங்கேருந்தே தெரியுது. அந்தம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. ரெண்டு பேருக்கும் நிம்மதி."

அர்த்தனாரி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். ஆனால் வழக்கை விலக்கிக்கொள்ளும் மனுவை எடுத்து மேசைமேல் தயாராக வைத்தார். பயணப்பதிவை அதன் அடியில் செருகினார்.

பதினோரு மணிக்குப் பவளக்கொடி வந்தாள். ஊன்றுகோல்கள் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வருவது கேட்டது. பதினேழு படிகள். அவர் எழுந்து போய்க் கை கொடுக்கவில்லை. கொடுத்தாலும் அவள் பிடித்திருக்கமாட்டாள். மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்தவளிடம், பதிவில் ஒன்றும் தேறவில்லை, ஷரத்து தெளிவாக இருக்கிறது, மேலே போனால் வீண் அலைச்சல், கையெழுத்துப் போட்டுவிட்டால் மருத்துவச் செலவாவது கேட்டுப் பார்க்கலாம் என்று தரையைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

அவள் மனுவைத் தொடவில்லை. அதன் அடியில் துருத்திக்கொண்டிருந்த தாளை உருவினாள். டயரின் பக்கவாட்டில் தேய்ந்துபோன எண்களைப் படித்தே பிழைத்தவள். விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள்.

"எனக்கு முந்தி ஒரு நம்பரு இருக்குதுங்களே. அது ஆருங்க?"

"அதெல்லாம் கம்பெனி வெளியில சொல்லாதுங்க."

"சரிங்க." அவள் தாளைக் கீழே வைக்கவில்லை. "ஃபேனு ஓடலை. உங்களுக்கு வேர்த்து ஊத்துது. போன ரெண்டு தடவையும் கையை மடிச்சு உட்டிருந்தீங்க. இன்னைக்கு என்னத்துக்கு இப்படிப் பூட்டிட்டு வந்திருக்கீங்க?"

சமாளிக்க அவருக்கு நூறு வழி தெரியும். இருபத்தைந்து வருடம் அதைத்தான் செய்தார். ஆனால் காலையில் சாலையோரம் நின்ற இருபது நிமிடம் ஞாபகத்துக்கு வந்தது. இந்தக் கையெழுத்தை வாங்கிவிட்டால் சிறை இல்லை. சாயங்காலம் மறுபடியும் அதே சாலையோரத்தில் நிற்க வேண்டும், நாளைக்கும், அதற்கு அடுத்த நாளும். எதிரில் இருந்த பெண்ணை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தன்னை அதைவிடப் பிடிக்கவில்லை. பொத்தானைக் கழற்றிக் கையை மேசைமேல் நீட்டினார்.

பவளக்கொடி வில்லையின் எண்ணையும் தாளில் இருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"அப்ப நீதானா," என்றாள். பேச்சில் இருந்த மரியாதை ஒரேயடியாகப் போய்விட்டது.

ஷரத்தை எழுதியதும் தான்தான் என்று அர்த்தனாரி சொன்னார். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அந்த அறையில் அவர் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை.

"எழுது," என்றாள் அவள்.

அவர் விலக்கு மனுவை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் படிவம் எடுத்தார். வாகன எண், நாள், நேரம், இடம். மோதலுக்கு முன் நடந்த பெயர்மாற்றம் செல்லாது எனவும், பத்தொன்பதாம் ஷரத்து உயிருக்கு ஆபத்தாக இருப்பதால் அதை நீக்க வேண்டும் எனவும் எழுதினார். நன்றாகவே எழுதினார், தொழில் கைவிடவில்லை. 'ஓட்டுநர் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவள் ஊன்றுகோலின் நுனியால் மேசைக் காலைத் தட்டினாள். அவர் தன் பெயரை எழுதினார்.

"தகப்பனார் பேரு, விலாசம் எல்லாம் போடு. அந்தப் பேருல ஊருல நாலு பேரு இருக்கான்."

போட்டார். இனி இந்த வழக்கில் தான் வக்கீலாக நிற்க முடியாது, வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். உன்னைவிட மோசமான வக்கீல் எங்கே கிடைக்கப்போகிறான் என்று சொல்லிவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

மனுவை ஆயத்தில் கொடுக்க இருவருமே போக வேண்டும். ஆயத்துக் கட்டடம் சாலைக்கு அந்தப்புறம். பதினேழு படிகளையும் இறங்கி வந்து சாலையோரத்தில் நின்றார்கள். தானோடி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எந்த லாரியிலும் முன்கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை. பவளக்கொடியின் முகம் வெளிறியிருந்ததை அர்த்தனாரி அப்போதுதான் கவனித்தார். அடிபட்ட பிறகு அவள் இந்தச் சாலையைக் கடந்ததே இல்லை. இதுவரை ஆட்டோவிலேயே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"முன்னால நீ போ," என்றாள்.

அவர் மனுவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கையை உயர்த்தியபடி தாரில் கால் வைத்தார். மணிக்கட்டில் இரண்டு முறை அதிர்ந்தது. எங்கோ ஒரு லாரியில் அவர் பெயர் ஏறிவிட்டது, இந்தச் சாலையில் வருவதாகவும் இருக்கலாம். அது எந்த லாரி என்று பார்க்க அவர் கையைத் திருப்பவில்லை, சாலையைத்தான் பார்த்தார்.