நாற்றைத் தள்ளியது யார்?

சாந்தினியின் ஸ்ட்ராபெரி நாற்றுகள் பத்தும் பள்ளி வேனுக்குள் நசுங்கிப்போயின. பள்ளித் தோட்டப் போட்டிக்காக இரண்டு மாதம் கண்ணும் கருத்துமாக வளர்த்தவை. அவற்றின்மேல் விழுந்தவன் குகன்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒரே வேன்தான். இடம் போதாது. குகன் தன் இடத்தைச் சின்னப் பையன் ஷர்வினுக்குக் கொடுத்துவிட்டு நின்றபடியே வருவான். அன்று காலை, வளைவில் காய்கறி லோரி ஒன்று எதிரே வரவும், வேன்காரர் சட்டென்று பிரேக் போட்டுவிட்டார்.

"வேணும்னே விழுந்தான் டீச்சர்," என்று பள்ளிக்கு வந்ததும் வகுப்பில் கங்கா டீச்சரிடம் சாந்தினி அழுதாள். முந்தைய நாள்தான் இருவருக்கும் பந்துச் சண்டை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. இனி அவனோடு பேச்சே இல்லை என்று மற்ற பிள்ளைகளும் சொல்லிவிட்டார்கள்.

"நான் ஒன்னும் பண்ணல லா," என்று குகன் ஒரே ஒரு முறை சொன்னான். பாவம், அவன்.

அவன் சொல்வது உண்மை என்று அதே வேனில் வந்த ரூபினிக்குத் தெரியும். பிரேக் போட்டபோது அவள் நெற்றியும் முன் இருக்கையில் இடித்திருந்தது. ஆனால் அவள் சாந்தினியின் உயிர்த்தோழி ஆயிற்றே! சொன்னால் சாந்தினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பேசாமல் இருந்துவிட்டாள்.

அறிவியல் பாடத்தில் கங்கா டீச்சர் குவளைமேல் ஓர் அட்டையும் அதன்மேல் காசும் வைத்தார். அட்டையைச் சுண்டினார். அட்டை பறந்தது, காசு குவளைக்குள் விழுந்தது. நிற்கும் பொருள் நிற்கவே பார்க்கும், ஓடும் பொருள் ஓடவே பார்க்கும், இதுதான் நிலைமம் என்றார்.

ரூபினி எழுந்தாள். தானும் ஒன்று செய்து காட்டலாமா என்று கேட்டாள். சாந்தினியின் மேசையில் பென்சில் பெட்டியை வைத்து, அதன்மேல் ஓர் அழிப்பானை நிறுத்தினாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டே போய், சட்டென்று பிடித்து நிறுத்தினாள். அழிப்பான் பாய்ந்து சாந்தினியின் மடியில் விழுந்தது.

"இத யாரு தள்ளுனா, சாந்தினி?"

வகுப்பு சிரித்தது. சாந்தினி சிரிக்கவில்லை. அழிப்பானைக் கையில் எடுத்து, பெட்டியைப் பார்த்தாள்.

"யாரும் தள்ளல," என்றாள் மெல்ல. "பெட்டி நின்னுச்சு. இது நிக்கல."

பள்ளி விட்டதும் வேனில் முதலில் ஏறியது அவள்தான். ஷர்வினை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"குகா, தப்பு என்மேலதான். இங்க உக்காரு. நின்னா நீ விழுவ."

குகன் உட்கார்ந்தான். அடுத்த வளைவில் மூன்று பேரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.