தலையாட்டக் கற்றுக்கொடுத்தவர்

புதன்கிழமை என்றால் சென்னியப்பன் ஒன்பது மணிக்கு முன்பே பெஞ்சில் இடம்பிடித்துவிடுவார். பீளமேடு நான்காம் எண் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பெஞ்சு ஏழு வயதுக்காரர்களுக்காகச் செய்தது. அவருக்கு ஐம்பத்து மூன்று. முழங்கால்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முன் பெஞ்சில் ஒரு வங்கி மேலாளர், பின் பெஞ்சில் இரண்டு பனியன் ஏற்றுமதிக்காரர்கள். டீச்சர் பேர் கூப்பிட்டால் எல்லோரும் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். பிறகு ஆளுக்கு ஐந்து கேள்வி கேட்க வேண்டும். பதில் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. வங்கி மேலாளர் நான்கு வருடமாக அதில் ஃபெயில்.

வியாழக்கிழமை இதற்குத் தலைகீழ். பிள்ளைகள் அலுவலகத்துக்கு வருவார்கள். அப்படி சென்னியப்பனுக்கு இணையாக வந்தவள் நன்முல்லை. ஏழரை வயது, முன்பல் இரண்டு கிடையாது. சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்க அனுமதிப்பாள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பேர் இணைகல்விச் சட்டம். அது வந்த கதையைக் கோவையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பது வருடத்துக்கு முன் பன்னிரண்டு கம்பெனிகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. போட்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று முழுவதையும் தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு விற்றுவிட்டார்கள் என்று. விசாரணையில் ஒவ்வொருவரும், அடுத்தவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். பள்ளி விடுமுறை என்று அம்மாவோடு வந்திருந்த ஒரு மூன்றாம் வகுப்புக்காரி மட்டும், "காத்தை எதுல கட்டிக் குடுப்பீங்?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஆளில்லாததால் ஒப்பந்தம் ரத்தானது. காற்று திரும்பி வந்தது.

அன்றிலிருந்து எந்தக் கம்பெனியும் புதுத் திட்டம் எதையும் இணைப்பிள்ளையின் சம்மதமில்லாமல் தொடங்க முடியாது. பிள்ளையின் மேசையில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். மஞ்சள், புரிந்தது. சிவப்பு, புரியவில்லை. பிள்ளைகள் பெரியவர்களுக்குக் கேள்வி கேட்கச் சொல்லித்தர வேண்டும். பெரியவர்கள் பிள்ளைகளுக்கு, எடுத்த காரியத்தை முடிக்கச் சொல்லித்தர வேண்டும். எல்லா அலுவலகத்திலும் சிவப்புப் பொத்தானில்தான் சாயம் தேய்ந்திருக்கும்.

சென்னியப்பனின் கம்பெனி செய்வது நடைக்குடை. வெயில் ஐம்பத்திரண்டு டிகிரியைத் தொட்டுவிட்ட ஊரில் ஆட்களின் தலைக்கு மேலே மிதந்தபடி கூடவே வரும் குடை. இந்த வியாழக்கிழமை அவர் கொண்டுவந்தது எண்பத்து நான்கு பக்கத் திட்டம்: 'அசைவுசார் நிழல் முன்னுரிமை'. எழுதியது ஆளல்ல, திட்டப்பொறி என்ற இயந்திரம். இது நிறைவேறினால் தெற்கு மண்டலம் முழுவதற்கும் சென்னியப்பன்தான் தலைவர். குடைக்குக் கைப்பிடி எதற்கு என்ற ஒரே விஷயத்தில் நன்முல்லை முன்பு ஐந்து வாரம் சிவப்பை அமுக்கியவள் என்பதால், அவர் இரண்டு மாத அவகாசம் கேட்டு வைத்திருந்தார்.

முதல் பக்கத்தைச் சொல்லி முடித்தார். நன்முல்லை முகவாயில் கை வைத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, மெதுவாக இரண்டு முறை ஆட்டினாள்.

"நல்ல விஷயமுங். இப்படியே எடுத்துட்டுப் போலாம்" என்று மஞ்சளை அமுக்கினாள்.

சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. மொத்தம் இரண்டு நிமிடம். சென்னியப்பன் சந்தோஷத்தில் அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தார்.

"திட்டத்துல உனக்கு எது அம்மிணி நெம்பப் புடிச்சுது?"

"எல்லாமே மாமா."

"ஒண்ணு சொல்லு."

"அந்த... முன்னுரிமைங்."

"அப்படின்னா என்ன?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். "அதெல்லாம் போகப் போகத் தெரியுமுங்."

மென்றுகொண்டிருந்த சென்னியப்பன் தன் பன்னைக் கீழே வைத்தார். அது அவருடைய வாக்கியம். புருவமும் அவருடையது. போன வாரம் கம்பெனித் தலைவர் பூரணி மேடத்திடம் அவர் சொன்னது.

"கண்ணு, புரியாமயா அமுத்துனே?"

"நீங்களும் அப்படித்தானுங்? மேடம் பேசப் பேசத் தலையாட்டுவீங். அப்புறம் லிப்ட்ல, 'என்ன எழவச் சொல்லுதுன்னே தெரியல'ம்பீங். நான் ஒரு வருசமாப் பாத்துப் பாத்துப் பழகிட்டேன்." அவள் குரலில் பெருமை இருந்தது. "இப்ப கணக்கு டீச்சர்கிட்டயும் அதேதான். ரெண்டு வாரமா வெரி குட் வாங்கறேன்."

"ரெண்டு வாரமா உனக்குக் கணக்கு புரியலியா?"

"இல்லீங். ஆனா யாருக்கும் தெரியாது."

"கேக்க வேண்டியதுதானே சாமி?"

"கேட்டா நேரமாகுதில்லங். நான் கேட்டா நீங்க வாட்ச்சப் பாப்பீங்."

சென்னியப்பன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். பிறகு திட்டத்தை மேசையில் விரித்தார். "வா, இப்ப நான் ஒழுங்காச் சொல்றேன். வாட்ச்சக் கழட்டிட்டேன் பாரு." அவள் பையிலிருந்த நான்கு அழிரப்பர்கள் ஆட்களானார்கள். கேன்டீன் தட்டு குடையானது. இரண்டு ரப்பர்கள் நடந்தன. தட்டு கூடவே போனது. ஒரு ரப்பர் ஓடியது; தட்டு ஓடியது.

"இந்த ரப்பர் சும்மா நிக்குதுங். இதுக்கு?"

சென்னியப்பன் தட்டைப் பிடித்தபடி யோசித்தார். பக்கங்களைப் புரட்டினார். அறுபத்தோராம் பக்கத்தில் இருந்தது: 'அசைவற்ற பயனர்: சேவை மறுஒதுக்கீடு.' மூன்று முறை படித்துக் கையெழுத்துப் போட்ட பக்கம்.

"அப்படின்னா என்னங் மாமா?"

"நின்னா... குடை வேற ஆளுகிட்டப் போயிரும்."

"ப்ரேயர்ல நாங்க அசையாம நிக்கோணுமுங். அசைஞ்சா பி.டி. சார் திட்டுவாரு."

சென்னியப்பன் தட்டைக் கீழே வைத்தார். பஸ் நிறுத்தம், பூக்கடை, போக்குவரத்துப் போலீஸ், காலையில் வரிசையில் நிற்கும் முந்நூறு தலைகள். ஐம்பத்திரண்டு டிகிரி.

மஞ்சளை அமுக்கிய பிறகு சிவப்பு வேலை செய்யாது. ஆட்சிக்குழு முன்னால் மேலாளரே எழுந்து, தனக்குப் புரியவில்லை என்று சொன்னால்தான் ஒப்புதல் நீங்கும்; அப்போதும் பிள்ளை மறுபடி உறுதி செய்துவிட்டால் நீங்காது. அதற்குத் தண்டனையும் உண்டு. மேலாளர் ஒரு வருடம் ஒன்றாம் வகுப்புக்கு இறங்க வேண்டும், இணையைப் பிரித்துவிடுவார்கள். மண்டலத் தலைவர் பதவி போவதைக்கூட அவர் ஒரு டம்ளர் தண்ணீரில் விழுங்கிவிட்டார். இந்த ஓட்டைப்பல்லுக்காரி வேறு எவனோ ஒரு மேலாளரிடம் போய் உட்காருவாள் என்பதற்கு இரண்டாவது டம்ளரும் போதவில்லை. பேசாமல் இருந்தால் அவள் தன்னோடு இருப்பாள். தலையாட்டிக்கொண்டே இருப்பாள்.

மூன்று மணிக்கு ஆட்சிக்குழு கூடியது. சென்னியப்பன் எழுந்தார்.

"இந்தத் திட்டம் எனக்குப் புரியலீங்க மேடம்."

அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் அவர் சட்டையைக் கழற்றிவிட்டது போலப் பார்த்தார்கள். பூரணி மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இருபத்தாறு வருசமா எல்லாம் புரிஞ்ச ஆளுங்க நீங்க."

"ஒண்ணுமே புரிஞ்சதில்லீங்க. நின்னா நிழல் கெடையாதுன்னு இன்னைக்கு ஒரு அழிரப்பர் வெச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

மேடம் அவரை விட்டுவிட்டு நன்முல்லையிடம் திரும்பினார். குரலில் சர்க்கரை. "பாப்பா, ஏற்கெனவே செல்லுபடியான இணைப்புரிதலின் தொடர்ச்சியை நீ உறுதி செய்யறே. அப்படித்தானே?"

அவளுக்கு உதவியாகப் பன்னிரண்டு தலைகளும் மேலும் கீழும் ஆடின. குறுக்கே பேச சென்னியப்பனுக்குச் சட்டத்தில் இடமில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நன்முல்லையின் கை முகவாய்க்குப் போனது. தலை ஒருபக்கம் சாய்ந்தது. பாதி இறங்கிய தலை அப்படியே நின்றது.

"நீங்க கேட்டதே எனக்குப் புரியலீங் மேடம். மறுபடியும் மெதுவாச் சொல்லுங்."

பூரணி மேடம் வாயைத் திறந்தார். மெதுவாகச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. பச்சை விளக்கு அணைந்தது. மேசையின் கடைசியில் இருந்த ஒருவர், தனக்கும் அறுபத்தோராம் பக்கம் கொஞ்சம் இடித்தது என்று தன் தண்ணீர் பாட்டிலிடம் சொன்னார்.

ஐந்தாவது நிமிடம் இணை பிரிக்கும் ஆணை அச்சாகி வந்தது. சட்டம் அதில் தாமதம் செய்வதில்லை. இருவரும் லிப்டில் ஏறினார்கள். நன்முல்லை ஆணையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஏனுங் மாமா, உண்மையச் சொன்னதுக்கு எதுக்குங் பிரிக்கோணும்?"

சென்னியப்பனிடம் வழக்கமான பதில்கள் நாலைந்து இருந்தன. எதையும் எடுக்கவில்லை.

"எனக்கும் புரியல அம்மிணி."

"யாருக்குப் புரியுமுங்?"

"சட்ட அதிகாரி பதினெட்டாம் மாடியில இருக்காரு" என்று சொல்லி, கீழே இறங்கிக்கொண்டிருந்த லிப்டை நிறுத்தி, மேலே போகும் பொத்தானை அமுக்கினார். "வா, போய்க் கேப்போம்."