படத்தில் இல்லாத கதவு

மதியக் காட்சி முடிந்து வெளியே வந்தவர்களில் ஒருவர்கூட அவளுடைய மைக்கைப் பார்த்து ஒதுங்கவில்லை. முதலில் உறுத்தியது அதுதான். தியேட்டர் வாசலில் காமிராவோடு நின்றால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நழுவுவார்கள், மீதிப் பேர் முண்டியடித்துக்கொண்டு வந்து வாய்க்கு வந்ததை உளறுவார்கள்; அதுதான் உலக வழக்கம். இன்றைக்கு எல்லாரும் அவளை நோக்கியே வந்தார்கள், அவசரமே இல்லாமல், வரிசை கலையாமல். அவர்களோடு ஏசிக் குளிரும் பாப்கார்ன் வாசனையும், அவற்றுக்கு அடியில் துணி கருகுவது போன்ற மெல்லிய நெடியும் சேர்ந்து வந்தன.

அவளை எல்லாரும் மைக்கக்கா என்பார்கள். படம் வெளியான அன்றைக்கு வாசலில் நின்று "படம் எப்படி?" என்று கேட்டுக் காமிராவில் போடுவதுதான் பிழைப்பு. வேடிக்கை என்னவென்றால் அவள் எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் கேள்வியில் சுரத்து இருக்காது என்பாள். ஜனங்கள் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, தானே பார்த்தவள் மாதிரி அடுத்த கேள்வியைப் போடுவாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வந்திருந்தது ஒரு கொரியப் பேய்ப் படம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி, யார் பேய் என்பதையே சொல்லாமல் முடிகிற படம். காலைக் காட்சிக்கு வந்த கல்லூரிப் பையன்கள் வாசலிலேயே சண்டை போட்டார்கள்.

"தலையும் புரியல வாலும் புரியலக்கா. படகோட்டிதான் பேய்னு நினைச்சா, கடைசில அவன் உக்காந்து அழறான்."

"டேய், அந்தக் கிழவிதான்டா பேய். நீ பாதிப் படம் தூங்கிட்ட."

அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது மைக்கின் முன்னால் வந்து நின்ற தடித்த கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை.

"அந்தக் கதவு சீன்தாங்க. இன்னும் காதுலயே இருக்கு. வெளியில பூட்டிட்டாங்க. உள்ள அந்தப் பொண்ணு உள்ளங்கையால தட்டிக்கிட்டே இருக்கா. முதல்ல திட்டறா. அப்புறம் கெஞ்சறா. அப்புறம் பேர் சொல்லிக் கூப்பிடறா."

அவருக்குப் பின்னால் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண். "ஹால்ல ஒருத்தி உக்காந்திருக்கா பாருங்க, மடியிலயே சாவிய வச்சுக்கிட்டு. எனக்கு அவ மேலதான் ஆத்திரம். கையில கிடைச்சா..." என்றவள் முடிக்காமல், மைக்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

மைக்கக்கா மைக்கை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்த ஹால் அவளுக்குத் தெரியும். அந்தச் சாவியின் கனமும் தெரியும். அண்ணன் வெளியூரில் இருந்த நாள். அண்ணி ரொம்ப வாயாடுகிறாள் என்று அம்மா அவளை அறைக்குள் தள்ளிப் பூட்டி, சாவியை இவள் மடியில் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள். அண்ணி தட்டினாள். நாடகமாடுகிறாள் என்றுதான் இவள் நினைத்தாள். தட்டல் காதைத் துளைத்தபோது டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். புகை கதவின் அடியில் கசிந்து வந்த பிறகுதான் எழுந்தாள். அதற்குள் அண்ணி கருகிப்போயிருந்தாள். அண்ணியே உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டாள், நான் கடைக்குப் போயிருந்தேன் என்று ஊருக்கும் அண்ணனுக்கும் சொன்னாள். நம்பினார்கள். அண்ணியின் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அந்தக் குழந்தையை இவள்தான் தலைவாரி, சோறூட்டி, மார்மேல் போட்டுத் தூங்கவைத்து வளர்த்தாள். கல்யாணம்கூட வேண்டாம் என்றுவிட்டாள். இன்றைக்கு உலகத்தில் அவளுக்கு இருப்பது, 'அத்தைம்மா' என்று கூப்பிடுகிற அந்த ஒரு வாய்தான். அது இல்லாமல் போனால் அவளால் உயிரோடிருக்க முடியாது.

மைக்கை அணைத்திருக்க வேண்டும். தொழில் புத்தி விடவில்லை. வாய் தானாக அடுத்த கேள்வியைப் போட்டது.

"டிவி சத்தத்தைக் கூட்டினதும் தட்டறது நின்னுடுதுல்ல?"

டிவியைப் பற்றி அதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

கண்ணாடிக்காரர் மெதுவாகத் தலையாட்டினார். "நிக்கலைங்க. உங்களுக்குக் கேக்காம போச்சு. அவ்வளவுதான்."

காமிராவைப் பிடித்திருந்தவன் குச்சிமாதிரி இருப்பான். எல்லாரும் அவனைக் குண்டூசி என்பார்கள். அவனிடம் ஓடினாள். "அதை அழிச்சுடு. இப்பவே."

"நேரலைக்கா. போய்ச் சேந்தாச்சு. ஏன், நல்லாத்தானே கேட்டீங்க? பாப்பாகூட பார்த்துட்டிருக்கு போல, கீழ கமெண்ட் போட்டிருக்கு."

அவள் வளர்த்த அண்ணியின் மகளைத்தான் சொன்னான். கமெண்டில் ஒரே வரி: *எந்த டிவி, அத்தைம்மா?*

வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெரியவரிடம் போய் நின்றாள். அவர் அந்தப் படத்தைக் காலையிலிருந்து கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"ஐயா, அந்தக் கதவு சீன் எப்ப வருது?"

"கதவா?" பெரியவர் சிரித்தார். "இந்தப் படத்துல வீடே கிடையாதும்மா. ஆரம்பத்துலேந்து முடியற வரைக்கும் கடலும் படகும்தான். அதான் எனக்குக் குமட்டிக்கிட்டு வருது."

மகளுக்குப் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாலைக் காட்சிக்கு விளக்குகள் அணைந்து, படம் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் செய்தி வந்தது. *உள்ளதான் இருக்கேன். பார்த்துட்டு வந்து பேசறேன்.*

ஓடினாள். அரங்கின் கதவு தள்ளினால் திறக்கிற சாதாரணக் கதவு. அதற்குப் பூட்டே கிடையாது. தள்ளினாள். அசையவில்லை. மரம் சுட்டது. காது வைத்துக் கேட்டாள். கடல் இல்லை, அலை இல்லை. பழைய டிவித் தொடர் ஒன்றின் அழுகைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால், தூரத்தில், உள்ளங்கையால் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா! வெளிய வா! பார்க்காதடி!"

தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

உள்ளே பாட்டுச் சத்தம் கூடியது.

கத்தினாள். இன்னும் கூடியது. தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. டிக்கெட் கிழிக்கும் பெரியவரின் நாற்காலி காலியாக இருந்தது. குண்டூசியையும் காணோம். காமிரா மட்டும் முக்காலியில் நின்றபடி, சிவப்பு விளக்கு எரிய, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு சத்தம் நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

கருகிய நெடி. ஜனங்கள் வந்தார்கள். பேசவில்லை. சிரிக்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. அவளைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடிக்காரர். நர்ஸ். காலையில் சண்டை போட்ட பையன்கள். மாலைக் காட்சிக்கு அவர்கள் எப்போது போனார்கள்?

"யாரு பேய்னு இப்பத் தெரிஞ்சுடுச்சுக்கா," என்றான் ஒரு பையன். குரலில் அத்தனை திருப்தி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

கடைசியாக மகள் வந்தாள். அழுது வீங்கிய முகம். ஆனால் நடையில் தயக்கமில்லை. அவளுக்குப் பின்னால், இருட்டில், அவள் உயரத்துக்கே இன்னொருத்தி நடந்து வந்தாள். முகம் தெரியவில்லை. முகமிருந்த இடம் தெரிந்தது.

"பாப்பா... நான் சொல்றதைக் கேளு..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், அத்தைம்மா."

மகள் கிட்டே வந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்வது போலவே அத்தையின் மார்மேல் காதை வைத்துச் சாய்ந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மன்னித்துவிட்டாள் என்று மைக்கக்கா நம்பினாள். கை தானாக உயர்ந்து அந்தத் தலையை வருடியது. பிசுபிசுவென்று சாம்பல் ஒட்டியது.

"உள்ள யாரோ தட்டறாங்க," என்றாள் மகள்.

மைக்கக்காவுக்கும் கேட்டது. தன் நெஞ்சுக்கூட்டுக்கு உள்ளேயிருந்து. உள்ளங்கையால். விடாமல்.

"இவ்வளவு வருஷமா தட்டிக்கிட்டிருக்காங்க. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

சுற்றி நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். முரட்டுத்தனமே இல்லை. மகளின் விரல்கள் சட்டைப் பொத்தானை விலக்கின. விலா எலும்புகளுக்கு நடுவில் பொறுமையாக ஊர்ந்து, அழுத்தி, தாழ்ப்பாளைத் தேடின.