சந்தை பாசஞ்சரை மறித்த பிணம்

போன் அடித்தது.

பலாச்சுளை அடைத்த வாயோடு சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டெல்லா ரிசீவரை எடுத்தாள்.

"செம்மேடு ரயில்வே போலீஸ்."

"மேடம்... எடப்புளி ஸ்டேஷன் மாஸ்டர் அருணாசலம் பேசறேனுங்க. தண்டவாளத்துல ஒரு பொணம் கெடக்குதுங்க."

"உயிர் இருக்கா?"

"பொணம்னு சொன்னேனுங்களே."

சுளை தொண்டைக்குள் வழுக்கிப் போனது. கொட்டையோடு.

"ரயில்?"

"சந்தை பாசஞ்சர் பொணத்தை ஒட்டி நிக்குதுங்க. சனமெல்லாம் எறங்கி வேடிக்கை பாக்குது. சீக்கிரம் வாங்க. ஆனா... அப்படியொண்ணும் அவசரமில்லீங்க. மெதுவாவே வாங்க."

லைன் கட்டானது.

ஸ்டெல்லா ரிசீவரை முறைத்தாள். சீக்கிரம் வா என்கிறான். மெதுவாக வா என்கிறான். பிணத்தைப் பார்த்தவன் பேசுகிற பேச்சா இது?

திண்டுக்கல்லிலிருந்து அவள் மாற்றலாகி வந்த நாளிலிருந்து பேளுக்குறிச்சி சந்தை ரயில் ஒரு வாரமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததில்லை. ஒரு வாரம் மரம் விழுந்தது. ஒரு வாரம் எருமை படுத்தது. போன வாரம் தேனீ கலைந்தது.

இந்த வாரம் பிணம்.

சந்தை பாசஞ்சர் நின்றால் கொல்லிமலையே நின்றது என்று அர்த்தம். இந்தத் தேசத்தில் ரயிலை விட்டால் வேறு கதி கிடையாது. சுதந்திரம் வந்த கையோடு டெல்லியில் முடிவெடுத்துவிட்டார்கள். மோட்டார் வேண்டாம். பெட்ரோலுக்கு அந்நியனிடம் கையேந்த வேண்டாம். ஊர் ஊருக்குத் தண்டவாளம் போடு!

போட்டார்கள். பால் ரயிலில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரயிலில் போனார்கள். பெண் பார்க்கப் போவதும் ரயிலில்தான்... பிடிக்கவில்லை என்றால் அடுத்த ரயில் வரும்வரை பெண் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். லாரி என்ற ஒன்று சென்னை மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. நடைபாதையை விட அகலமாக எவனாவது பாதை வெட்டினால் அதற்குப் பெயர் கள்ள ரோடு. கள்ளச்சாராயத்தை விடப் பெரிய குற்றம்.

மலைக்கு ஒரே லைன். வளைந்து வளைந்து இறங்கும் பல்சக்கர ரயில்.

கான்ஸ்டபிள் யுவராஜ் டிராலியைத் தள்ளினான்.

"யாரா இருக்கும் யுவராஜ்?"

"தெரியலீங்க மேடம். ஆனா மலையில எங்க பைல் நாட்டுப் பக்கத்து ஆளா இருக்காதுங்க."

"எப்படிச் சொல்ற?"

"எங்காளு செத்திருந்தா, எனக்கு முன்னாடி எங்கம்மா ஒப்பாரிக்குக் கெளம்பியிருக்குமுங்க."

எடப்புளி வளைவு வந்தது.

ரயில் நின்றது. கூட்டம் நின்றது. கூட்டத்துக்கு நடுவில் அருணாசலம் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியுமாக நின்றார். எதைக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் காட்டிக்கொண்டிருந்தார்.

தண்டவாளத்தின் மேல் ஒரு வாலிபன். குப்புறக் கிடந்தான். முதுகெல்லாம் சிவப்பு.

ஸ்டெல்லா குனிந்தாள்.

ரத்தத்தில் எறும்பு மொய்த்தது. வரிசை வரிசையாக... சீனி மூட்டையைப் பார்த்த மாதிரி.

விரலால் தொட்டாள். மோந்தாள்.

தேன்! குங்குமம் குழைத்த சுத்தமான மலைத்தேன்.

ஒரு கட்டெறும்பு பிணத்தின் குதிகாலைக் கடித்தது. பிணம் காலை உதறியது.

ஸ்டெல்லா முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "யுவராஜ், பாடியைக் கீழ கொண்டுபோக முடியாது. போஸ்ட்மார்ட்டத்தை இங்கயே முடிச்சிடலாம். யார்கிட்டயாவது அரிவாள் இருக்கா?"

"பலாப்பழம் அறுக்கற கத்திதானுங்க மேடம் இருக்கு."

"அது போதும்."

பிணம் எச்சில் விழுங்கியது.

அந்த விநாடியில்தான் அந்த அலறல் கேட்டது.

"அய்யோ... அம்மா!"

மூன்றாவது பெட்டி. பெண் குரல்.

செத்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"பூங்குழலி..." என்றான்.

கூட்டம் சிதறி ஓடியது. இரண்டு பேர் அருணாசலத்தின் மேல் ஏறி ஓடினார்கள். பிணம் யாரையும் லட்சியம் செய்யாமல் மூன்றாவது பெட்டிக்குப் பாய்ந்தது. ஸ்டெல்லா பின்னாலேயே பாய்ந்தாள்.

சீட்டில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண். வியர்வையில் நனைந்திருந்தாள். வாசலில் வந்து நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க... ரயிலுக்கு முன்னால செத்துக் கெடக்கறது நீங்கதானுங்களா?"

"கண்ணு, நீ எப்படி இந்த ரயில்ல?"

"காலையில வலி எடுத்துருச்சுங்க. உங்களைத் தேடினா ஊட்டுல காணோம். நானே கெளம்பி பேளுக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு ஏறினா, எவனோ குறுக்கால செத்துட்டான்னாங்க. வலிக்கு வலி அவனைத் திட்டிக்கிட்டு இருந்தனுங்க. அத்தனையும் உங்களுக்குத்தான் போலிருக்குது."

அவள் மறுபடி அலறினாள்.

பெட்டிக்குள் இருந்த ஒரு அம்மாள் ஸ்டெல்லாவைத் தனியே இழுத்தாள். "புள்ள குறுக்கால கெடக்கற மாதிரி தெரியுதுங்க சாமி. நாம கையை வெக்கக் கூடாது. டாக்டர் பாக்கணும்."

ஸ்டெல்லா செல்போனை எடுத்து ரயில்வே கன்ட்ரோல் ரூமைப் பிடித்தாள்.

"எடப்புளியில பாசஞ்சர் உடனே கிளம்பணும். பிரசவ கேஸ்."

"முடியாது மேடம். அந்த லைன்ல டெட் பாடி இருக்குன்னு பதிவாகியிருக்கு."

"அவன் சாகலை."

"அப்போ சாகலைன்னு டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேணும்."

"என் எதிர்ல நின்னு அழுதுட்டிருக்கான்."

"அழறது போதாது மேடம். டாக்டர் வந்து பார்க்கணும்."

"டாக்டர் எதுல வருவார்?"

"ரயில்லதான்."

"ரயில் எப்போ வரும்?"

"லைன் கிளியரானதும்."

ஸ்டெல்லா போனைத் தூக்கி எறிய ஓங்கினாள். சொந்தப் போன் என்பது ஞாபகம் வந்து நிறுத்தினாள். திரும்பினாள்.

"உன் பேர் என்ன?"

"சின்னராசுங்க."

"எதுக்குடா செத்தே?"

சின்னராசு அருணாசலத்தைப் பார்த்தான். அருணாசலம் வானத்தைப் பார்த்தார். பூங்குழலி பல்லைக் கடித்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள்.

அந்தப் பார்வை தாங்காமல் சின்னராசு உடைந்தான்.

"ஒரு வண்டி இருக்குதுங்க மேடம். ரோடும் இருக்குதுங்க. மேல இருந்து அடிவாரம் வரைக்கும்... மரத்துக்கடியிலயே போவுது. இந்த வளைவுல மட்டும் தண்டவாளத்தைத் தாண்டணும். அந்த நேரத்துல ரயிலு வந்துட்டா, ஜன்னலோரம் உக்காந்திருக்கறவனெல்லாம் சாட்சி ஆயிடுவானுங்க. அதான் வாராவாரம் எதையாச்சும் குறுக்கால போட்டு ரயிலை நிறுத்தி, சனமெல்லாம் எறங்கி அதை வேடிக்கை பாக்கறப்போ ரயிலு வாலுக்குப் பின்னால..."

"எருமை?"

"என்னுதுங்க."

"மரம்?"

"ஸ்டேஷன் மாஸ்டருதுங்க."

அருணாசலத்தின் கையிலிருந்து இரண்டு கொடியும் நழுவின.

"வண்டி எங்கே?"

சின்னராசு பெட்டியை விட்டுக் குதித்தான். விரலை வாயில் வைத்து நீளமாக விசில் அடித்தான்.

காட்டுக்குள் ஏதோ உறுமியது. ரயில் அப்படி உறுமாது. மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் விலகின. கொடியோடு சேர்ந்து ஒரு மூங்கில் தட்டி நகர்ந்தது. பின்னாலிருந்து...

ஒரு லாரி!

பழைய என்ஜின். பலா மரப் பலகையில் அடித்த தொட்டி. தொட்டி நிறைய மரவள்ளிக்கிழங்கு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள். போலீஸ் தொப்பியைப் பார்த்ததும் என்ஜினை அணைத்தாள். இறங்கினாள். ஓடவில்லை.

"நாந்தானுங்க கண்ணாயி. ரோடு வெட்டினது நாந்தான். இவனுங்க கூலிக்கு மாரடிச்சவனுங்க, விட்டுருங்க."

"எதுக்கு வெட்டுனீங்க?"

"கெழங்கு புடுங்கினா ரெண்டு மூணு நாள்ல ஜவ்வரிசி பண்ற சேகோ ஃபேக்டரிக்குப் போவணுங்க. கூட்ஸ் பொட்டியில ஏத்தினா, அவங்க எங்கெங்கயோ சுத்தவிட்டு, போய்ச் சேரறப்போ கருத்துப் போயிருது. வருசா வருசம் அழுவின கெழங்குக்கு நானே சீட்டு எடுத்து அனுப்பிட்டு இருந்தனுங்க. அழுது பாத்தேன். அப்பறம் மம்பட்டியை எடுத்துக்கிட்டேன்."

கைகளை நீட்டினாள். விலங்குக்கு.

மூன்றாவது பெட்டியிலிருந்து மறுபடி அலறல் வந்தது. இந்த முறை அதில் வசவு இல்லை. வெறும் வலி.

கண்ணாயியின் கை இறங்கியது. "யாருங்க அது?"

"சின்னராசு சம்சாரம். குழந்தை குறுக்கே கிடக்கு."

கண்ணாயி விலங்கை மறந்தாள். லாரியின் மேல் தாவி ஏறினாள். "டேய், கெழங்கையெல்லாம் எறக்கித் தள்ளுங்கடா. சாக்கை மட்டும் விரிங்க. மேடம், என்னை அப்பறமா புடிச்சுக்கலாமுங்களா?"

"ஓட்டுங்க," என்றாள் ஸ்டெல்லா.

லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. ரயிலின் அத்தனை ஜன்னலும் சாட்சியாகப் பார்த்தது.

சாக்கு மெத்தையில் பூங்குழலி. அவள் தலையை மடியில் தாங்கியபடி பிணம். பக்கத்தில் யுவராஜ், கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டான். முன்சீட்டில் ஸ்டெல்லா மாதாவைக் கூப்பிட்டாள். தண்டவாளம் இல்லாத ஒரு வண்டியில் போவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. வண்டிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்?

வளைவு. இன்னொரு வளைவு. ரோடு வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க," என்றாள் ஸ்டெல்லா, தன்னையறியாமல்.

"நம்மளுது ஒரே வண்டி. எதுத்தாப்புல எவனும் வரமாட்டான். அந்தத் தெகிரியத்துல போறதுங்க மேடம்."

அடுத்த வளைவில் கண்ணாயி வண்டியைத் திருப்பினாள்.

எதிர்த்தாற்போல் ஒரு கார் வந்தது.

கருப்புக் கார். பளபளவென்று. இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு உரச நின்றன.

கார்க் கதவு திறந்தது. பனியனும் கூலிங் கிளாஸுமாக ஒருவர் இறங்கினார். ஸ்டெல்லாவைப் பார்த்ததும் கூலிங் கிளாஸைக் கழற்றினார். பிறகு அவசரமாக மறுபடி மாட்டிக்கொண்டார்.

டி.எஸ்.பி. ஜான்பீட்டர். கள்ள ரோடு ஒழிப்புப் பிரிவின் தலைவர்!

"ஸ்டெல்லா... நீங்க எங்க இங்க?"

"டியூட்டி சார். நீங்க?"

"நானும்... டியூட்டிதான். ரோடு எவ்வளவு தூரம் போகுதுன்னு அளந்துட்டிருக்கேன்."

கண்ணாயி எட்டிப் பார்த்தாள். "அட, எம்பட ரோட்டுல ராத்திரியில டயர் தடம் பதிச்சுட்டுப் போறது நீங்கதானுங்களா? காட்டெருமையின்னு நெனச்சேன்."

பூங்குழலி முனகினாள்.

"சார், உயிர் போற கேஸ். காரைப் பின்னால எடுங்க."

டி.எஸ்.பி. நெளிந்தார். "பின்னாடி... எப்படி எடுக்கறது?"

"தெரியாதா?"

"மேல போய் வட்டமடிச்சு இறங்கிடுவேன். பின்னாடி போக வேண்டிய அவசியமே வந்ததில்லையே." கண்ணாயியிடம் திரும்பினார். "நீங்க எடுங்களேன்."

"எனக்கும் முன்னால போவ மட்டுந்தானுங்க தெரியும்."

ஸ்டெல்லா குதித்தாள். "யுவராஜ்! சின்னராசு! இறங்குங்க. சார், நீங்களும் கையைக் குடுங்க."

"நானா?"

"பேன்ட்டை மடிச்சுக்கோங்க சார்."

தள்ளினார்கள். பிணம் தள்ளியது. கான்ஸ்டபிள் தள்ளினான். டி.எஸ்.பி. தன் காரைத் தானே தள்ளினார். கார் நாலு முழம் பின்வாங்கி, ஓரத்துச் சேற்றில் பின்சக்கரம் புதைய உட்கார்ந்தது. லாரிக்கு வழி கிடைத்தது.

டி.எஸ்.பி.யும் லாரியில்தான் ஏறினார். இறக்காமல் விட்ட மூட்டை மாதிரி.

பேளுக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது. வெளியே தேனும் குங்குமமும் காய்ந்த முதுகோடு சின்னராசு சுவரில் சாய்ந்து கிடந்தான். பார்த்தவர்கள் அவனைத்தான் முதலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்ற வந்தார்கள்.

கதவு திறந்தது. நர்ஸ் சிரித்தாள்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது."

செத்துப் பிழைத்தவன் அப்போதுதான் உண்மையாக மயங்கி விழுந்தான். மூலையில் நின்ற கண்ணாயி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானாகவே ஸ்டெல்லாவிடம் வந்தாள்.

"போலாமுங்களா மேடம்?"

டி.எஸ்.பி. முந்திக்கொண்டார். ஸ்டெல்லாவை வராண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்டெல்லா, அந்தப் பொம்பளையை உள்ள தள்ளு. ரோட்டை நாளைக்கே வெட்டிப் போட்டுடலாம். உனக்குப் பதக்கத்துக்கு எழுதறேன். என் கார் விஷயம் மட்டும் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

"தாராளமா சார். ரோட்டை நாளைக்கு எதுக்கு? இப்பவே ஆள் அனுப்பி வெட்டச் சொல்லிடறேன்." ஸ்டெல்லா செல்போனை எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள். "ஒரே ஒரு சந்தேகம் சார்."

"என்ன?"

"பாதி மலையில சேத்துல உக்காந்திருக்கே உங்க கார்... அதை எந்த ரயில்ல ஏத்தி வீட்டுக்குக் கொண்டு போவீங்க?"