காலி இடத்துக்கு ஒரு முகம்

மதியம் மூன்றேகாலுக்கு, திரையில் ஓடிய ஆட்டத்துக்குள், கிணற்றடியில் நின்றிருந்த ஒருவன் மேதாவியின் முகத்தை வைத்திருந்தான். அது பரவாயில்லை, மேதாவியே கொடுத்த முகம்தான். ஆனால் அன்று காலை சவரம் செய்கையில் மேதாவியின் தாடையில் விழுந்த வெட்டும் அந்த முகத்தில் இருந்தது. அவன் கொடுத்ததோ போன மாதம் எடுத்த படம்.

ஆட்டத்துக்கு நிரல் எழுதும் அவனுக்கு அலுவலகத்தார் மேதாவி என்று கேலியாகத்தான் பெயர் வைத்தார்கள். அவன் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டான். லட்சம் பேர் சேர்ந்து விளையாடும் அந்த ஆட்டத்தின் புதிய பதிப்பில், ஆடுகிறவரின் சொந்த முகமே பொம்மைக்கும் வரும். பழைய போன்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் அனுப்பும் தகவலில் முகத்துக்கான இடம் காலியாக இருக்கும். காலியாக விட்டால் ஆட்டத்தை ஓட்டும் சர்வர் கணினி படுத்துவிடும். அவர்களுக்கென்று ஒழுங்காக ஒரு வழி எழுத மூன்று வாரம் ஆகும் என்றார், பிழை பிடிப்பதே வேலையான டெஸ்டர் அக்கா. மேதாவி பத்தே நிமிடத்தில் முடித்தான். காலி இடம் எங்கே வந்தாலும் என் படத்தைப் போடு என்று எழுதிவிட்டு, டீ குடிக்கப் போனான்.

"சாம்பல் கலர்ல ஒரு பொம்மையாவது வைப்பா," என்றார் அக்கா.

"ஓட்டை போன் வச்சிருக்கறவங்களுக்கு என் மூஞ்சி கிடைக்கறதே பெருசுக்கா."

இப்போது கிணற்றடியில் அதே முகத்தோடு நாற்பது பேர். ஏசியின் முனகலும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், பின்னால் யாரோ நாற்காலியை மெல்ல நகர்த்துவது போன்ற கிரீச்சும் சேர்ந்து கழுத்தில் வந்து உட்கார, அவன் திரும்பிப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிமிட்டினான். நாற்பது பேரும் சிமிட்டினார்கள். பெரிய மூளைக்காரன் அல்லவா, பழைய போன்களுக்கான இணைப்பையே துண்டித்தான். எண்ணிக்கை பூஜ்யமாகியிருக்க வேண்டும். நானூறு ஆயிற்று.

தாடையைத் தடவினான். வெட்டு இல்லை. மீசையும் இல்லை.

போன் அடித்தது. மகள். அம்மாவின் பழைய போனில்தான் அவளும் ஆடுவாள். புதிதாக ஒன்று வாங்கித் தர அவனுக்கு இன்னும் மனம் வரவில்லை.

"அப்பா, கேம்ல எல்லாருமே நீங்களாத்தான் இருக்கீங்க. ஒருத்தர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாரு."

அணைத்துவிடு என்றான்.

"அப்பவே அணைச்சுட்டேன்பா. இன்னும் கூப்பிடறாரு. ஹால்லேர்ந்து."

அவன் ஓடினான். வழியில் அக்கா எதிர்ப்பட்டார். யாரைத் தேடி வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். லிப்டுக்குள் கண்ணாடி இருந்தது. அவன் தரையையே பார்த்துக்கொண்டு இறங்கினான். தெருவில் நல்ல வெயில். ஒரு நாய் அவனைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு காருக்கடியில் போய்ப் படுத்தது.

வீட்டுக் கதவு. மணியை அழுத்தினான். உள்ளே காலடிகள். நிறைய.

மகள்தான் திறந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று. அவள் பெயரைச் சொல்ல நினைத்தான். வாய் திறக்கவில்லை. திறக்க அங்கே ஒன்றும் இல்லை.

"அப்பா," என்று அவள் உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "யாரோ வந்திருக்காங்க. மூஞ்சியே இல்ல."

உள்ளேயிருந்து அவனுடைய குரலே வந்தது. அதே சலிப்பு. அதே அலட்சியம்.

"பழைய போன் ஆளா இருக்கும். சாத்தும்மா."

கதவு மெதுவாக மூடியது. அந்த இடுக்கில் தெரிந்தது ஹால். சோபாவில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி, மாடிப்படியில் மேலே வரைக்கும், தோளோடு தோள் ஒட்டி அவர்கள். ஒவ்வொரு தாடையிலும் ஒரு புதிய வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு சொட்டு ரத்தம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கண் சிமிட்டினார்கள்.