பத்தாம் நோன்பும் லண்டன் யோசனைகளும்

கிட்ட வாருங்கள் செல்லங்களே. பாயில் இன்னும் இடம் இருக்கிறது, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். இன்றைக்கு ஒரு கோபக்காரக் கதை வைத்திருக்கிறேன். இதில் வருகிற எல்லாருக்கும் கோபம். கோபப்படாத ஆள் ஒருவர்தான், அவர்தான் துப்புத் துலக்குகிறவர். நான் எதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே போகிறேன். அவருக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம். மாமல்லபுரத்தில் சங்கும் சோழியும் விற்கிற அம்சாவின் கடைக்குப் பின்புறம் ஒரு ஓட்டு வீடு. அதில் குடியிருந்தவர் திருநாவுக்கரசு. கலங்கரை விளக்கங்களில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் பொழுது சாய்கிற நிமிஷத்தில் விளக்கை ஏற்றி, அந்த நிமிஷத்தை நோட்டில் எழுதியே பழகிய மனிதர். அவசரம் என்பதே அவரிடம் இல்லை. காணாமல் போன மாடு, களவு போன வலை என்று ஊரார் அவரிடம்தான் வருவார்கள். வந்தவர்கள் பேச ஆரம்பித்தால் போதும், அம்சா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் நின்றுவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை காலை வந்தவள் பதருன்னிசா. அவள் கணவன் நைனா முகம்மது பஸ் நிலையத்தருகே இட்லி, பூரி விற்கிற நாஸ்தா கடை வைத்திருப்பவன். வந்தவள் உட்காரவில்லை.

"ஐயா, எம் புருசன் திருடனா? நீங்களே சொல்லுங்க."

"மொதல்ல தண்ணி குடிம்மா."

"தண்ணி வாணாம். நாளான்னிக்கி வெள்ளிக்கெழம பள்ளிவாசல் ஜமாஅத்துல அவர நிக்க வெக்கப் போறாங்க. மாமி தோப்ப மாமிக்கே தெரியாம வித்துட்டாராம். பன்னெண்டு வருசமா அந்தக் கெழவிக்கு ஆக்கிப் போட்ட கையி இது. நேத்து என்னப் பாத்து, வாசப்படி ஏறாதன்னு சொல்லிடுச்சி."

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. மாமி என்பது சைதூன், நைனா முகம்மதுவின் அத்தை. தாயில்லாத நைனா முகம்மதுவையும் அவன் தம்பி சௌகத் அலியையும் வளர்த்தவர். கடற்கரையோரம் அவருக்கு ஒரு தென்னந்தோப்பும் அதற்குள் வீடும் இருந்தன. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரே நிற்கிற ஆள் நிழலாகத்தான் தெரியும். போன வாரம் ஓட்டல் கட்டப்போகிறோம் என்று மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்து தோப்பை அளந்தார்கள். அவர்கள் காட்டிய ஒப்பந்தத்தில் சைதூனின் கைநாட்டு இருந்தது. தேதி போன வருஷம் ஆகஸ்ட் பதினாறு, ரம்ஜானின் பத்தாம் நோன்பு நாள். சாட்சிக் கையெழுத்து தரகர் கண்ணாயிரம்.

"மாமிக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையா?" என்று கேட்டார் திருநாவுக்கரசு.

"அதான் ஐயா வயித்தெரிச்சலு. பத்தாம் நோன்பு அன்னிக்கி பகல்ல ஒருத்தர் வந்தாராம். தொண்ட கட்டிக்கிச்சின்னு வாயத் துணியால மூடிகினு, குசுகுசுன்னு பேசினாராம். ரேஷன் கார்டு பேப்பருன்னு சொல்லி கைநாட்டு வாங்கினாராம். 'மாமிம்மா'ன்னு கூப்ட்டாராம். அப்டி கூப்புடறது ஒலகத்துல ரெண்டே பேரு. எம் புருசன், எங் கொழுந்தன். கொழுந்தன் அப்ப லண்டன்ல. பின்ன யாரு? எம் புருசன்தானேன்னு ஊரே சொல்லுது."

"உன் கொழுந்தன் லண்டன்ல இருந்தாருன்னு எப்டித் தெரியும்?"

பதருன்னிசா இடுப்பில் செருகியிருந்த நாலு பக்கத் தாளை எடுத்துப் போட்டாள். "ஊருக்கே அச்சடிச்சிக் குடுத்துகினு கீறாரே."

சௌகத் அலி போன வருஷம் தை மாதம் மாலை மரியாதையோடு ஊரைவிட்டுப் போய், மார்கழியில் கோட்டுப் போட்டுத் திரும்பி வந்தவன். தாளின் தலைப்பு 'லண்டன் சுற்றிப் பார்க்கப் போவோருக்கு என் யோசனைகள்'. அம்சா அதைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

"ஒரு நாளைக்கு நகரின் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள், ஓடி ஓடிப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. பழகிய செருப்பையே போடுங்கள். மழைக்கோட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். விடுதியின் விலாசத்தைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். அரண்மனைக் காவலர் மாறுவதைப் பார்க்க ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள்... நல்லாத்தான் எழுதிகீறான் அண்ணாத்த."

"கடைசியையும் படி," என்றார் திருநாவுக்கரசு.

"நோன்பு காலத்தில் போகிறவர்களுக்கு. சென்ற நோன்பு மாதம் முழுவதும் நான் அங்கேதான் இருந்தேன். பகலெல்லாம் சுற்றிவிட்டு, ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து, ஆறரை மணிக்குப் பொழுது சாய்வதைப் பார்த்து, பேரீச்சம்பழத்தால் நோன்பு திறப்பேன். ஏழு மணிக்கெல்லாம் நகரம் முழுக்க விளக்கு எரியும். இரவு லண்டனைக் காண அதுவே நேரம்."

திருநாவுக்கரசு தாளை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பாஸ்போர்ட்ட யாராவது பாத்தீங்களா?"

"கேட்டோம். மெட்ராஸ்ல ஏஜெண்டாண்ட கீதாம்."

அன்று மாலை அவரும் அம்சாவும் பஸ் நிலையத்து டீக்கடைக்குப் போனார்கள். மாசி வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் சௌகத் அலி உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் நாலைந்து பேர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, எங்க சொந்தத்துல ஒருத்தன் வர்ற ஆவணியில லண்டன் போறான்," என்றார் திருநாவுக்கரசு. "சாயங்காலம் எத்தன மணிக்குள்ள ரூமுக்குத் திரும்பணும்? அத மட்டும் சொல்லேன்."

"ஆறரைக்கு இருட்டிக்கும் அண்ணாத்த. புது ஆளுன்னா அதுக்குள்ள திரும்பிடணும்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"முப்பது நோன்பும் அந்த ஆத்தோரம் தொறந்தவன் நானு. எனக்கா ஞாபகம் இருக்காது?"

திரும்பி வருகையில் அம்சாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாத்த, கண்டுபுட்ச்சிட்டேன். பழைய செருப்பு போடுன்னு எழுதிட்டு இவன் பளபளன்னு புது ஷூ மாட்டிகினு கீறான். டூப்பு."

"புது ஷூ போடறது குத்தமில்ல அம்சா."

"பின்ன இன்னாதான் குத்தம்?"

"நாளைக்கி சொல்றேன். நீ நாளைக்கிக் கடைய மூடிட்டு வா."

"எப்ப தொறந்தேன், மூடறதுக்கு?"

வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் சைதூனின் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். சைதூன் கட்டிலில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு இருந்தார். நைனா முகம்மது உள்ளே வரவில்லை, வாசலில் முதுகைக் காட்டி நின்றான். பதருன்னிசா அவனருகே. சௌகத் அலி நாற்காலியில். தரகர் கண்ணாயிரம் மூலையில் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். திருநாவுக்கரசின் கையில் தடித்த பழைய புத்தகம் ஒன்று இருந்தது.

"அம்மா," என்றார் சைதூனிடம். "நைனா முகம்மது உங்கள எத்தன நாளைக்கி ஒரு தடவ பாக்க வருவாரு?"

"தெனம் ரெண்டு வேள. சோறு கொண்ணாந்து குடுக்க."

"தெனம் வர்றவருக்குத் தொண்ட கட்டினா, விடியறதுக்கு முன்ன சோறு குடுக்கும்போதே கட்டியிருக்கணும், மறுநாளும் கட்டியிருக்கணும். இருந்துச்சா?"

சைதூன் யோசித்தார். "இல்ல. நோன்பு தொறக்க கஞ்சி கொண்ணாரச்சே கணீர்னு பேசினான். சரியாயிட்டுது போலன்னு நெனச்சேன்."

"ஒருத்தரு தன்ன மறைக்கணும்னா 'மாமிம்மா'ன்னு கூப்புட மாட்டாரு. இங்க வந்தவரு கொரலத்தான் மறைச்சாரு, மொறைய மறைக்கல. நைனா முகம்மதுன்னு நீங்க நெனைக்கணும்னு வந்திருக்காரு. நைனா முகம்மதுக்கு அந்த வேஷம் எதுக்கு? கொரல ஒளிச்சாகணும்ங்கிற அவசியம், இந்த ஊர்லயே இல்லன்னு எல்லாரும் நெனைக்கிற ஆளுக்குத்தான்."

சௌகத் அலி எழுந்தான். "இன்னா பேசறீங்க? நான் லண்டன்ல இருந்தேன்."

"உட்காருப்பா. அதத்தான் பேசப் போறோம்." புத்தகத்தைப் பிரித்தார். "இது கப்பல்காரங்க பஞ்சாங்கம். எந்த நாள்ல எந்த எடத்துல சூரியன் எப்ப மறையும்னு இதுல இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் இதப் பாத்துத்தான் வெளக்கு ஏத்தினேன். ஆகஸ்ட் பதினாறு, நம்ம ஊர்ல பொழுது சாயற நேரம் ஆறரை. லண்டன் இருக்கிற வடக்குல ஏழு இருவது. வெயில் காலத்துல அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெப்பாங்க. அப்ப எட்டு இருவது."

சௌகத் அலி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மத்த யோசனை எல்லாம் சரி. ஏதோ வெள்ளக்காரன் புத்தகத்துலேர்ந்து எடுத்திருக்க. அதுல நோன்பப் பத்தி எழுதியிருக்காது, அத நீயே சேத்த. அப்ப நம்ம ஊரு சூரியனக் கொண்டுபோய் லண்டன்ல வெச்சிட்ட."

"ஏதோ மறந்துட்டேன். ரெண்டு மணி நேரம் முன்ன பின்ன எழுதிட்டா கொலக் குத்தமா?"

"அரண்மனைய மறக்கலாம், பாலத்த மறக்கலாம். அம்மா, நீங்க சொல்லுங்க. விடியறதுக்கு முன்ன வாயக் கட்டி, ஆறரைக்கி தொறக்கலாம்னு பாத்தா சூரியன் இன்னும் மேல நிக்குது. இன்னும் ரெண்டு மணி நேரம் தாகத்தோட உட்காரணும். முப்பது நாள் அப்டி இருந்தவன் அந்த நேரத்த மறப்பானா?"

சைதூன் மெதுவாகச் சொன்னார், "நோன்பு வெச்சவன் மவுத்தா போற வரிக்கும் மறக்க மாட்டான்."

அதுவரை விசிறிக்கொண்டிருந்த கண்ணாயிரத்தின் கை நின்றுவிட்டது. திருநாவுக்கரசு அவரைப் பார்த்தார். கண்ணாயிரமே துண்டை உதறி எழுந்தார்.

"சார், என்ன இதுல மாட்டி வுடாதீங்க. மெட்ராஸ் மண்ணடி லாட்ஜுல இவன்தான் பேப்பரக் குடுத்தான், கைநாட்டு ஏற்கெனவே இருந்திச்சி. அந்தம்மா சம்மதம்னு சொன்னான், நம்பி சாட்சிக் கையெழுத்து போட்டேன்."

"ஊரு முழுக்க நைனா முகம்மதுன்னு பேசறச்சே வாய்ல இன்னா வெச்சிருந்த? கொழுக்கட்டையா?" என்றாள் அம்சா.

சௌகத் அலி கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினான். அவனுக்கும் கோபம்தான். "மால போட்டு அனுப்ச்சீங்க. பம்பாயில ஏஜெண்டு ஏமாத்திட்டான். எந்த மூஞ்சிய வெச்சிகினு திரும்பி வர்றது? மண்ணடியில லாட்ஜுல ரூம் பெருக்கினேன். வெள்ளக்காரன் வுட்டுட்டுப் போன புஸ்தகத்த ஒருத்தர வுட்டுப் படிக்கச் சொல்லி எழுதிகினேன். தோப்ப வெச்சி எப்டியாவது லண்டன் போய்ட்டா எல்லாம் நெஜமாயிடும்னு பாத்தேன். அந்தப் பணத்தையும் இன்னொருத்தன் ஏமாத்திட்டான்."

"அப்ப உன் அண்ணன் பேரு?" என்று கேட்டார் சைதூன்.

"அவன் இங்கயே கீறவன். நாலு நாளு பேசிட்டு வுட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

பதருன்னிசா அவன் முன்னால் வந்து நின்றாள். "நாலு நாளா எம் பொண்ணு பள்ளிக்கூடம் போவல. திருடன் மவளுன்னு சொல்றாங்களாம். உனுக்கு அது நாலு நாளு பேச்சி."

நைனா முகம்மது இப்போதுதான் திரும்பினான். தம்பியை அவன் பார்க்கவேயில்லை. அத்தையைப் பார்த்தான்.

"அவன் ஏமாத்தினான், சரி. நீ எப்டி நம்பின?"

சைதூன் கட்டிலைவிட்டு எழுவதற்குள் அவன் நாலு எட்டில் தோப்பைத் தாண்டிப் போய்விட்டான்.

அன்றே சௌகத் அலியிடமும் கண்ணாயிரத்திடமும் நடந்ததைத் திருநாவுக்கரசு எழுதி வாங்கினார். பிற்பாடு மெட்ராஸ்காரர்கள் அதைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், தாங்கள் இழந்ததற்குச் சௌகத் அலியைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை கலைகிற நேரம். பதருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு சைதூன் பள்ளிவாசல் கேட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வெளியே வந்த கூட்டம் நின்றது.

"எந் தோப்ப வித்தவன் சௌகத்து. கூட வெச்சி சோறு போட்டவனத் திருடன்னு சொன்னவ நானு. கண்ணு தெரியாததால சொல்லல, புத்தி கெட்டுச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

கூட்டத்தின் பின்னால் நைனா முகம்மது நின்றிருந்தான். முகம் இளகவில்லை. இளகவில்லை என்று அவனை யாரும் குறை சொல்லாதீர்கள் செல்லங்களே, அந்தக் கோபம் அவனுக்கு உரியது. சொல்லி முடித்த கிழவி வெறுங்காலால் மணலைத் துழாவிச் செருப்பைத் தேடினார். கூட்டம் விலகியது. நைனா முகம்மது வந்தான், குனிந்தான், இரண்டு செருப்பையும் அவர் காலில் மாட்டிவிட்டான். தலையில் வைக்க வந்த அவர் கைக்குக் காத்திருக்காமல் எழுந்து கடையைத் திறக்கப் போனான்.

அவ்வளவுதான் கதை. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து எந்த ஊருக்குப் போகிறவர்களும் போனபடியே நல்லபடியாகத் திரும்பி வரட்டும். தோற்றுத் திரும்பினாலும் வாசல் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கட்டும். சோறு போடுகிற கையை உங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் சந்தேகப்படாமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.